ஓர் ஓவியத்தையும் ஒரு நாவலையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி: ஹோல்பைனும் ‘அசடன்’ நாவலும்

ஓவியத்தையும் நாவலையும் ஒப்பிட்டு எழுத உட்காரும் பலர் இரண்டாவது பத்தியிலேயே நின்றுவிடுகிறார்கள். “இரண்டிலும் சோகம் இருக்கிறது, இரண்டும் மரணத்தைப் பற்றி யோசிக்கின்றன” என்று எழுதி முடித்ததும் சொல்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. காரணம் எளிது. ஒற்றுமையைத் தேடிப் போனால் மிகப் பொதுவான சொற்கள்தான் கையில் கிடைக்கும். எங்கே இரண்டும் பிரிகின்றன என்று தேடினால்தான் எழுத விஷயம் கிடைக்கும். அதைப் படிப்படியாக எப்படிச் செய்வது என்று ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் காட்டுகிறேன்.

எடுத்துக்காட்டு இதுதான்: ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் (இளையவர்) 1521-22இல் மரப்பலகையில் வரைந்த ‘கல்லறையில் இறந்த கிறிஸ்துவின் உடல்’. அதனுடன் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி 1868-69இல் தொடராக வெளியிட்ட ‘அசடன்’. தமிழில் இதே தலைப்பில் எம். ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. நாவலின் முடிவையும் இங்கே பேச வேண்டியிருக்கிறது. இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

ஜோடியைத் தேர்ந்தெடுப்பது

புதிதாகத் தொடங்குபவர்கள், ஓவியத்தைப் பற்றி நாவலே பேசும் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்பே இல்லாத இரண்டைச் சேர்த்துவைத்து ஒப்பிடவும் முடியும். ஆனால் அப்போது “ஏன் இந்த இரண்டு?” என்ற கேள்விக்கே பாதிக் கட்டுரை போய்விடும். ‘அசடன்’ நாவலில் ஹோல்பைன் ஓவியத்தின் நகல் ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பாத்திரங்கள் அதைப் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள், அதனால் கலங்குகிறார்கள். இந்த இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்கிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் ஓவியம் மட்டும்

நாவலைக் கொஞ்ச நேரம் மூடிவைத்துவிடுங்கள். ஓவியத்தைப் பற்றி யாரும் எழுதியதையும் இப்போது படிக்க வேண்டாம். கண்ணில் படுவதை மட்டும் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம்.

அளவிலிருந்து தொடங்குங்கள். இந்த ஓவியம் 30.5 செ.மீ. உயரம், 200 செ.மீ. நீளம். ஓர் ஆள் மல்லாந்து படுக்கும் நீளம். உயரமோ ஓர் அடி. ஃபோன் திரையில் பார்த்தால் மெல்லிய பட்டையாகத் தெரியும், ஒன்றும் புரியாது. பழைய செய்தித்தாள்களை ஒட்டி இரண்டு மீட்டர் நீளத்துக்கு, ஓர் அடி உயரத்துக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். எழுந்து உட்காரக்கூட இடமில்லாத அந்தக் கல்லறைப் பெட்டி எவ்வளவு நெருக்கமானது என்று அப்போதுதான் உடம்புக்கு உறைக்கும். எத்தனை கட்டுரைகள் படித்தாலும் இது கிடைக்காது, தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

அப்புறம் ஓவியத்தை இணையத்தில் பெரிதாக்கி, தலையிலிருந்து கால்வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தலை இடப்பக்கம், கால்கள் வலப்பக்கம். கண்கள் திறந்திருக்கின்றன, பார்வை எதிலும் பதியவில்லை. வாயும் திறந்திருக்கிறது. முகத்தில் பச்சை படர்ந்திருக்கிறது. கையும் பாதங்களும் கறுக்கத் தொடங்கிவிட்டன. விலா எலும்புகள் தெரிகின்றன, வலது விலாவில் காயம். வலது கை வெள்ளைத் துணியின் ஓரத்தில் கிடக்கிறது, நடுவிரல் மட்டும் நீண்டு துணியில் ஊன்றியிருக்கிறது. தலைமுடி கல்லின் விளிம்பைத் தாண்டி நம் பக்கம் வழிகிறது. கால்மாட்டில் கல்லில் 1521 என்ற ஆண்டும் ஓவியரின் பெயரெழுத்துகளும்.

இனி, இருக்கும் என்று எதிர்பார்த்து இல்லாமல்போனவற்றை எழுதுங்கள். இந்தப் பட்டியல் முந்தையதைவிட முக்கியம். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இல்லை. வானம் இல்லை. அழுபவர்கள் இல்லை. இறந்த கிறிஸ்துவை வரைந்தவர்கள் வழக்கமாக மரியாளையோ சீடர்களையோ பக்கத்தில் வைப்பார்கள். இத்தாலிய ஓவியர் மாந்தேன்யா இறந்த கிறிஸ்துவை வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில்கூட ஓரத்தில் அழும் முகங்கள் உண்டு. ஹோல்பைன் ஒருவரையும் வைக்கவில்லை. இதைத் தடித்த எழுத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை கடைசியில் இங்கேதான் வந்து சேரும்.

‘சோகம்’ என்ற சொல்லைத் தள்ளிவையுங்கள்

உணர்வுநிலைக்குப் பெயர் வைக்கும்போது நமக்குச் சோகம், இருள், அமைதி என்று மூன்று நான்கு சொற்கள்தான் சட்டென்று வருகின்றன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். அது எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளை, சொல்வதோடு நிற்பதில்லை, ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களும் தருகிறது. உணர்வைச் சொன்னால் காரணத்தையும் சொல் என்ற இந்தக் கட்டாயம் ஒப்பீட்டுக்கு மிகவும் உதவும். அது செய்யுளுக்காக வகுத்தது என்பது சரி. நாம் சொற்களையும் அந்த ஒழுங்கையும் மட்டும் வாங்கிக்கொள்கிறோம்.

அழுகை பிறக்கும் இடங்களில் ஒன்று இழவு. இழவு என்றால் இழந்தவர் ஒருவர் வேண்டும். ஹோல்பைனின் பலகையில் இழந்தவர் யாரும் இல்லை. ஆகவே அங்கே அழுகையைவிட இளிவரல் பொருந்துகிறது என்பது என் கருத்து. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றிலிருந்து இளிவரல் பிறக்கும் என்கிறது நூல். பெருமைக்குரிய ஓர் உடல் வெறும் உடலாகத் தாழ்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது வரும் கூச்சமும் வேதனையும் கலந்த உணர்வு அது. நீங்கள் வேறு பெயர் சொல்லலாம். ஆனால் சொல்லும் பெயருக்கு ஓவியத்திலிருந்தே ஆதாரம் காட்டுங்கள்: பச்சை நிறம், நீண்ட விரல், உயரம் போதாத பெட்டி என்று.

நாவலில் இடங்களைக் குறித்துக்கொள்வது

இப்போது நாவல். கதைச்சுருக்கம் எழுதாதீர்கள். ஓவியம் வரும் இடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள்: யார் பார்க்கிறார், எங்கே நின்று பார்க்கிறார், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடக்கிறது?

முதல் இடம் இரண்டாம் பாகத்தின் நான்காம் அத்தியாயம். பீட்டர்ஸ்பர்க்கின் கோரோகோவயா தெருவில், வணிகர் மகனான ரோகோஸினின் இருண்ட வீடு. அங்கே வருபவன் நாவலின் நாயகன் மிஷ்கின். அடுத்த அறைக்குப் போகும் கதவுக்கு மேலே நகல் தொங்குகிறது. நீளம் ஏறக்குறைய இரண்டரை அர்ஷின், உயரம் ஆறு வெர்ஷோக்குக்கு மேல் இல்லை என்று பழைய ரஷ்ய நீள அளவுகளில் தஸ்தயேவ்ஸ்கி கணக்குக் கொடுக்கிறார். இன்றைய கணக்கில் சுமார் 178க்கு 27 செ.மீ. அசலைவிடச் சற்றுச் சிறியது, வடிவம் அதேதான். நாவலாசிரியர் அந்த விநோத நீளத்தை மறக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ரோகோஸினின் அப்பா அதை ஏலத்தில் ஓரிரண்டு ரூபிளுக்கு வாங்கியிருக்கிறார். கதவுக்கு மேலே இருப்பதால், அடுத்த அறைக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்த உடலின் கீழே நடந்துதான் போக வேண்டும்.

ரோகோஸின் அந்தப் படத்தைப் பார்ப்பது தனக்குப் பிடிக்கும் என்கிறான். மிஷ்கின் பதறிப்போய், இந்தப் படத்தைப் பார்த்தால் ஒருவனுக்கு இருக்கிற நம்பிக்கையும் போய்விடலாமே என்கிறான். அதுவும்தான் போகிறது என்று ரோகோஸின் ஒத்துக்கொள்கிறான். நம்பிக்கை பற்றிய கேள்விக்கு மிஷ்கின் வாதம் எதுவும் வைப்பதில்லை, நான்கு மனிதர்களைப் பற்றிச் சொல்கிறான். ரயிலில் சந்தித்த படித்த நாத்திகர், ஒரு வெள்ளிக் கடிகாரத்துக்காகப் பிரார்த்தனை செய்துவிட்டு நண்பனையே கொன்ற குடியானவன், குடிக்கக் காசு வேண்டித் தன் தகரச் சிலுவையை விற்ற சிப்பாய், கைக்குழந்தையின் முதல் சிரிப்பைப் பார்த்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்ட தாய். பிறகு இருவரும் கழுத்துச் சிலுவைகளை மாற்றிக்கொள்கிறார்கள். அன்றே ரோகோஸின் மிஷ்கினைக் கத்தியால் குத்த வருகிறான், மிஷ்கினுக்கு வலிப்பு வந்ததால்தான் அவன் தப்புகிறான். படம், கதைகள், சிலுவை, கத்தி எல்லாம் ஒரே நாளில்.

இரண்டாவது இடம் மூன்றாம் பாகத்தில், பீட்டர்ஸ்பர்க்குக்கு அருகிலுள்ள பாவ்லோவ்ஸ்கில் மிஷ்கினின் பிறந்தநாள் கூட்டத்தில். காசநோயில் சாகப்போகும் இளைஞன் இப்போலிட் தன் நீண்ட வாக்குமூலத்தை எல்லோர் முன்னும் வாசிக்கிறான். ரோகோஸின் வீட்டில் பார்த்த அந்தப் படத்தின் முன் ஐந்து நிமிடம் நின்றதாகச் சொல்கிறான். அழகின் சாயல்கூட அதில் இல்லை என்கிறான். இந்த உடலைக் கண்ட சீடர்கள் இவர் எழுவார் என்று எப்படி நம்பியிருப்பார்கள் என்று கேட்கிறான். இயற்கை ஒரு மாபெரும் ஊமை மிருகமாக, இல்லாவிட்டால் விலைமதிப்பில்லாத ஓர் உயிரை நசுக்கி விழுங்கிய புதுப்பாணி எந்திரமாக அவனுக்குத் தெரிகிறது. மெய்ப்பாட்டியல் அச்சத்துக்குச் சொல்லும் காரணங்களில் விலங்கும் ஒன்று. ஓவியத்தில் மிருகமே இல்லை. அதை இப்போலிட் தன் நோயிலிருந்து கொண்டுவருகிறான். உணர்வுநிலை இளிவரலிலிருந்து அச்சத்துக்கு நகர்வது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது இடத்தில் ஓவியம் பெயர் சொல்லி வராது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உணர்வு வேறு, தத்துவம் வேறு

புதியவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இதில்தான். ஒரு படைப்பு நமக்குள் எழுப்புவது உணர்வுநிலை. உலகத்தைப் பற்றி அது முன்வைக்கும் நிலைப்பாடு, அல்லது கேட்கும் கேள்வி, தத்துவம். ஒரே உணர்விலிருந்து நேரெதிரான இரண்டு தத்துவங்களுக்குப் போக முடியும்.

1521இல், ஹோல்பைன் இதை வரைந்த சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் வாழ்ந்த ஒரு பக்தரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பச்சை முகத்தைப் பார்த்து அவரும் நடுங்கியிருக்கலாம். ஆனால் அவருக்கு அடுத்தது என்ன என்று தெரியும்: மூன்றாம் நாள். உடல் எவ்வளவுக்கு எவ்வளவு உண்மையாகச் செத்திருக்கிறதோ, உயிர்த்தெழுதல் அவ்வளவு பெரிய அற்புதம். அவர் கடவுளின் பாடுகளைத் தியானிக்க இந்த அழுகல் உதவுகிறது. 346 ஆண்டுகள் கழித்து அதே பலகையின் முன் நின்ற ரஷ்யரான தஸ்தயேவ்ஸ்கிக்கும் நடுக்கம் வந்தது. ஆனால் அவர் காலத்தில் இயற்கை விதிகள் எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்ற எண்ணம் படித்தவர்களிடையே பரவியிருந்தது. அந்த விதிகளுக்கு விலக்கு உண்டா என்பது அவருக்குத் திறந்த கேள்வி.

ஆகவே “ஓவியத்தின் தத்துவம் அவநம்பிக்கை” என்று எழுதாதீர்கள். “உடலின் மரணத்தில் எந்தச் சலுகையும் காட்டாமல் வரைந்து, மூன்றாம் நாள் பற்றி ஓவியம் எதுவும் சொல்லாமல் விடுகிறது” என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் இப்போலிட்டின் தீர்ப்பு, இரண்டாவதைப் பலகையைக் காட்டியே நிரூபிக்கலாம்.

யார் சொன்னது என்று பாருங்கள்

இப்போலிட் சொல்வதை “தஸ்தயேவ்ஸ்கி சொல்கிறார்” என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அழகு உலகத்தைக் காப்பாற்றும் என்ற வாக்கியத்துக்கும் இதுவே நேர்ந்திருக்கிறது. நாவலில் அதை மிஷ்கின் நேரடியாகச் சொல்லும் காட்சி கிடையாது. நீங்கள் அப்படிச் சொன்னீர்களாமே என்று அவனிடம் கேட்பது இப்போலிட். கேட்டுவிட்டு அதே இரவில், சற்று நேரத்தில், அழகின் சாயலே இல்லாத ஒரு படத்தைப் பற்றி வாசிக்கிறான். அழகு காப்பாற்றும் என்றால் இதை என்ன செய்வீர்கள் என்று மிஷ்கினைப் பார்த்துக் கேட்பதாகத்தான் எனக்குப் படுகிறது. வாக்கியத்தைத் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொண்டால் இந்த மோதல் காணாமல்போகிறது.

நாவலின் தத்துவம் எந்த ஒரு பாத்திரத்தின் வாயிலும் முழுதாக இருக்காது. ரோகோஸின், மிஷ்கின், இப்போலிட் மூவரும் ஒரே படத்தைப் பார்த்து மூன்று விதமாகப் பதில் தருகிறார்கள். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டு ஆசிரியர் எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறார் என்பதைத்தான் நீங்கள் எழுத வேண்டும்.

வாழ்க்கைக் குறிப்புகளை எப்போது சேர்ப்பது

இவ்வளவும் முடிந்த பிறகு சேருங்கள். தகவல்கள் சுவையானவை என்பதால் முதலிலேயே எடுத்துக்கொண்டால் படைப்பைப் பார்க்கும் கண் மூடிவிடும்.

1867 ஆகஸ்டில் தஸ்தயேவ்ஸ்கியும் மனைவி அன்னாவும் ஜெனீவா போகும் வழியில் பாசலில் இறங்கி இந்த ஓவியத்தைப் பார்த்தார்கள். கர்ப்பமாக இருந்த அன்னாவால் அதைப் பார்க்க முடியவில்லை, வேறு அறைகளுக்குப் போய்விட்டார். பதினைந்து இருபது நிமிடம் கழித்துத் திரும்பினால் கணவர் அதே இடத்தில் அசையாமல் நின்றிருந்தார். வலிப்பு வரும் முதல் கணங்களில் அவர் முகத்தில் தெரியும் பயம் அப்போதும் தெரிந்ததாக அன்னா நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நன்றாகப் பார்ப்பதற்காக அவர் நாற்காலி மேல் ஏறியதையும், அபராதம் போட்டுவிடுவார்களோ என்று தான் பயந்ததையும் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். நாவலை எழுதிக்கொண்டிருந்த 1868இல் ஜெனீவாவில் பிறந்த மகள் சோஃபியா மூன்று மாதக் குழந்தையாகவே இறந்துபோனாள்.

இவற்றை “அதனால்தான் நாவல் இப்படி இருக்கிறது” என்று பயன்படுத்த வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே படைப்பில் கண்டுபிடித்த ஒன்றுக்குத் துணையாக வையுங்கள். எடுத்துக்காட்டாக, நாற்காலி மேல் ஏறியவர் தன் நாவலில் படத்தைக் கதவுக்கு மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டியிருக்கிறார்.

ஓவியத்தில் இல்லாதவர்கள்

இப்போது மூன்றாவது இடம், நாவலின் கடைசிப் பகுதி. ரோகோஸின், தானும் மிஷ்கினும் மணக்க விரும்பிய நஸ்டாஸ்யா பிலிப்போவ்னாவைக் கொன்றுவிட்டு மிஷ்கினைத் தன் வீட்டுக்கு அழைத்துவருகிறான். கோரோகோவயா தெருவின் அதே வீடு. திரைக்குப் பின்னால் கட்டிலில் வெள்ளைத் துணியால் மூடிய உடல். துணிக்கு வெளியே ஒரு பாதத்தின் நுனி மட்டும் தெரிகிறது, பளிங்கில் செதுக்கியதுபோல. ஓர் ஈ ரீங்கரித்துப் போகிறது. நாற்றம் வராமலிருக்க ரோகோஸின் மருந்துத் திரவத்தைத் திறந்துவைத்திருக்கிறான்.

நீட்டிய உடல், வெள்ளைத் துணி, பாதம், அழுகப்போகும் சதை. பாசல் பலகையின் பொருள்கள் எல்லாம் இங்கே வந்துவிட்டன. ஆனால் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. உடலுக்குப் பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கொன்றவனும் அவள்மீது இரக்கம் கொண்டவனும் விடியும்வரை ஒன்றாகக் கிடக்கிறார்கள். காய்ச்சலில் பிதற்றும் ரோகோஸினின் தலையையும் கன்னத்தையும் மிஷ்கின் தடவிக்கொண்டே இருக்கிறான். காலையில் கதவைத் திறந்து வருகிறவர்களை அவனால் அடையாளம் காண முடியவில்லை.

படத்தில் உடலைச் சுற்றி ஒருவர்கூட இல்லை என்பதை இப்போலிட்டும் கவனித்திருந்தான். அந்த மாலையில் அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் எவ்வளவு தவித்திருப்பார்கள் என்று யோசித்தான். ஹோல்பைன் அவர்களை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பார்வையாளரை நிறுத்தினார். முடி வழியும் விளிம்புக்கு இந்தப் பக்கம் நிற்பது நீங்கள்தான். தஸ்தயேவ்ஸ்கி அந்தக் காலியிடத்தில் மிஷ்கினையும் ரோகோஸினையும் வைத்து, ஓர் இரவு முழுக்க அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று எழுதினார். ஓவியத்துக்கு முன்னும் பின்னும் இல்லை. நாவலுக்கு மறுநாள் காலை உண்டு. அந்தக் காலையில் யாரும் உயிர்த்தெழவில்லை, நம்பிக்கை வென்றது என்று சொல்ல எதுவும் நடக்கவில்லை. ஆனால் தடவிக்கொண்டிருந்த கை இருக்கிறது. இப்போலிட்டின் எந்திரத்துக்கு அந்தக் கை ஒரு பதிலா, இல்லை அதுவும் நசுங்கிவிட்டதா? அது பதில்தான் என்று நான் படிக்கிறேன். மிஷ்கினின் அறிவு போன பிறகும் இரக்கம் கையில் மிஞ்சியிருக்கிறது. நசுங்கிவிட்டது என்று படிப்பவர்களிடமும் வலுவான காரணங்கள் உண்டு. உங்கள் கட்டுரை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாதாட வேண்டும்.

எழுத உட்காரும்போது

முதல் பாதி ஓவியம், இரண்டாம் பாதி நாவல் என்று பிரிக்காதீர்கள். இரண்டு தனிக் கட்டுரைகள் ஒட்டிக்கொண்டதுபோல ஆகிவிடும். கேள்விகளை வைத்துப் பத்தி பிரியுங்கள்: உடலை எவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறார்கள், பார்ப்பவரை எங்கே நிறுத்துகிறார்கள், அடுத்து நடப்பதைச் சொல்கிறார்களா. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு படைப்புகளும் இருக்கட்டும்.

ஒரு பத்தியின் தொடக்கம் இப்படி இருக்கலாம்: “ஹோல்பைன் உடலை ஓர் அடி உயரத்துக்குள் முழுதாகக் கிடத்தி, மறைக்க எதையும் வைக்கவில்லை. தஸ்தயேவ்ஸ்கி உடலை முழுதாக மூடிவிட்டு ஒரு பாதத்தின் நுனியை மட்டும் காட்டுகிறார். முதலாவதில் பார்த்து முடிக்க முடியாத வேதனை. இரண்டாவதில் பார்க்காத மீதியைப் பற்றிய அச்சம்.” நான்கு வாக்கியங்களில் பொருளும் வேறுபாடும் உணர்வும் வந்துவிட்டன. ‘சோகம்’ தேவைப்படவில்லை.

முடித்ததும் ஒருமுறை வாசித்து, எந்த வாக்கியம் ஓவியத்தைப் பார்க்காதவரும் எழுதியிருக்கக்கூடியதோ அதை அடித்துவிடுங்கள். கட்டுரை குறைந்தால் குறையட்டும்.

இது கைக்கு வந்த பிறகு அடுத்த பயிற்சிக்கு இதே ஆசிரியரிடம் எதிர்த் திசையில் போகலாம். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஓவியக்கூடத்தில் பிரெஞ்சு ஓவியர் க்ளோத் லோரேன் 1657இல் வரைந்த ‘ஆசிஸும் கலதேயாவும்’ இருக்கிறது. கடல், தீவுகள், சாயும் சூரியன், கரையில் சிறு கூடாரத்துக்குள் காதலர்கள். தஸ்தயேவ்ஸ்கி அதைப் பொற்காலம் என்று அழைத்தார். ஆங்கிலத்தில் ‘டெமன்ஸ்’ என்று கிடைக்கும் நாவலில், அவர் காலத்தில் அச்சேறாமல் தடுக்கப்பட்டு 1922இல் வெளிவந்த அத்தியாயத்தில், அந்த நாவலின் முக்கியப் பாத்திரமான ஸ்தாவ்ரோகின் அந்த ஓவியத்தைக் கனவில் காண்கிறான். நல்ல பதிப்புகளில் அந்த அத்தியாயம் பின்னிணைப்பாக இருக்கும். ஓவியத்தின் மலைப்பாறையில் பொறாமை பிடித்த அரக்கன் பாலிஃபீமஸ் சிறியதாக உட்கார்ந்திருக்கிறான், ஆசிஸைக் கொல்லப்போகிறவன் அவன்தான். ஸ்தாவ்ரோகின் விவரிக்கும் கனவில் அந்த அரக்கன் இல்லை. அவன் ஏன் கனவில் விடுபட்டான் என்ற கேள்வியிலிருந்து உங்கள் இரண்டாவது கட்டுரையைத் தொடங்குங்கள்.